சனிக்கிழமை மட்டும் குடிக்கும் தம்பியைப் பற்றிக் கேட்ட அக்காவுக்கு

நீங்கள் கேட்டதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு 20 வயது, மதுரையில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறான். தினமும் குடிப்பதில்லை, சனிக்கிழமை மட்டும்தான், ஆனால் அன்றைக்கு மட்டையாகும் வரை. மறுநாள் கேட்டால் ராத்திரி நடந்ததில் பாதி ஞாபகமே இல்லை என்கிறான். பன்னிரண்டாவது வரை நன்றாக மார்க் வாங்கியவனுக்கு இப்போது நான்கு அரியர். "வாரத்துக்கு ஒரு நாள் குடிப்பதால் மூளை கெட்டுப்போகுமா?" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: பழைய தம்பி திரும்பக் கிடைப்பானா என்பது. இரண்டுக்கும் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

நான் மருந்து எழுதும் டாக்டர் இல்லை. மருத்துவ உளவியல் படித்தவள். 20 வருஷத்துக்கு மேலாக மதுரையில் மனநல டாக்டர்களோடு சேர்ந்து வேலை பார்க்கிறேன். நினைவாற்றல், கவனம், யோசித்து முடிவெடுக்கும் திறன் இதையெல்லாம் சோதித்துப் பார்ப்பதுதான் என் தொழில். தம்பியை நேரில் பார்க்காமல் அவனுக்கு இதுதான் என்று நான் சொல்லக் கூடாது, அப்படி யாராவது சொன்னால் நீங்களும் நம்ப வேண்டாம். இந்த வயதில் இந்த மாதிரிக் குடி பொதுவாக என்ன செய்யும் என்பதைத்தான் இங்கே எழுத முடியும்.

முதலில் அந்த "ஒரு நாள்தானே" என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் என்னிடம் வருகிற பத்து வீட்டில் எட்டு வீடு அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தினமும் குடிக்கிற மாமாவோ சித்தப்பாவோ குடும்பத்தில் ஒருவர் இருப்பார், அவரோடு ஒப்பிட்டு, இவன் வாரம் ஒருமுறைதானே என்று மனதைத் தேற்றிக்கொள்வார்கள். கல்லீரலுக்கு வேண்டுமானால் அந்த ஒப்பீடு ஓரளவு பொருந்தும். மூளைக்குப் பொருந்தாது. வாரத்துக்கு எத்தனை நாள் என்பதை விட, ஒரே ராத்திரியில் ரத்தத்தில் ஆல்கஹால் எவ்வளவு வேகமாக, எவ்வளவு உயரத்துக்கு ஏறியது என்பதுதான் அங்கே முக்கியம். ஒரே உட்காரலில் 60 கிராம் சுத்த ஆல்கஹால் உள்ளே போனால் அதை அளவு மீறிய குடி என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கில் வைக்கிறது. 60 கிராம் என்றால் எவ்வளவு என்று நம் பையன்களுக்கு யாரும் சொல்வதில்லை. நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். பிராந்தி, ரம், விஸ்கி பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதில் ஆல்கஹால் மட்டும் 77 மில்லி, எடை போட்டால் 60 கிராமைத் தாண்டும். ஆக "ஒரு குவார்ட்டர்தான் அடிச்சேன்" என்று பையன்கள் எதைக் குறைந்த அளவாகச் சொல்கிறார்களோ, அதுதான் அளவு மீறிய குடியின் ஆரம்பக் கோடு. ஒரு கட்டிங் அதில் பாதி. ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் என்றால் ஒன்றிலேயே சுமார் 35, 40 கிராம் இருக்கும், இரண்டு பாட்டிலில் கோடு தாண்டிவிடும். மட்டையாகும் வரை என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் தம்பி இந்தக் கோட்டை எல்லாச் சனிக்கிழமையும் வெகுதூரம் தாண்டிப் போகிறான்.

உடம்பு இதை எவ்வளவு வேகத்தில் கரைக்கும் என்றால், மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம். அவ்வளவுதான். மோர் குடித்தாலும் எலுமிச்சை பிழிந்தாலும் தலையில் தண்ணீர் ஊற்றினாலும் இந்த வேகம் அதிகமாகாது. ராத்திரி பத்தரைக்குள் ஒரு ஆஃப், அதாவது 375 மில்லி, ஒருத்தன் முடித்தான் என்றால் 125 கிராமுக்கு மேல் உள்ளே இருக்கிறது, மறுநாள் மதியம் ஆகிவிடும் அது முழுவதும் கரைய. காலையில் எட்டு மணிக்கு எழுந்து, தெளிந்துவிட்டேன் என்று பைக்கை எடுத்துக்கொண்டு நத்தம் ரோட்டில் போகிறவன் உண்மையில் இன்னும் போதையில்தான் ஓட்டுகிறான், அவனுக்கே அது தெரியாது.

இப்போது ஞாபகமில்லாமல் போவதைப் பற்றி. இதைத்தான் நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் கவலை தந்த வரி அதுதான். மூளைக்குள் இரண்டு காதுக்கும் நேர் உள்ளே ஹிப்போகேம்பஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது, நடக்கிற விஷயத்தை நீடிக்கும் நினைவாகப் பதிகிற வேலை அதனுடையது. ஆல்கஹால் வேகமாக ஏறும்போது அங்கே உள்ள நரம்பணுக்களுக்கு இடையே தகவல் போகும் வழி அடைபடுகிறது, பதிவு நின்றுவிடுகிறது. பொதுவாக ரத்தத்தில் 100 மில்லிக்கு 160 மில்லிகிராம் அளவை ஒட்டி இது நடக்கிறது, வெறும் வயிற்றில் மடமடவென்று குடித்தால் சிலருக்கு அதற்கும் கீழேயே நடக்கும். வண்டி ஓட்ட நம் சட்டம் வைத்திருக்கும் எல்லை 30 மில்லிகிராம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதில் குழப்பம் என்னவென்றால், பதிவு நின்ற பிறகும் ஆள் விழுந்து கிடப்பதில்லை. பேசுவான், சிரிப்பான், சண்டை போடுவான், பரோட்டா வாங்கிச் சாப்பிடுவான், கோரிப்பாளையத்திலிருந்து ஹாஸ்டல் வரை பைக்கும் ஓட்டுவான், ஏனென்றால் பழகிய வேலைகளும் சில நிமிஷம் மட்டும் நிற்கும் நினைவும் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சிசிடிவி திரையில் படம் தெரிகிறது, ஆனால் ரெக்கார்டு ஆகவில்லை, அது மாதிரி. அதனால் மறுநாள் நண்பர்கள் எவ்வளவு எடுத்துக் கொடுத்தாலும் அந்த இரண்டு மணி நேரம் வராது. மறந்து போனது என்றால் எங்கோ கிடக்கும், தேடலாம். இது பதியவே இல்லை. தம்பி நடிக்கிறான், அவமானத்தை மறைக்க, ஞாபகம் இல்லாத மாதிரி பேசுகிறான் என்று வீட்டில் சண்டை நடந்தால் அதை நிறுத்துங்கள். பெரும்பாலும் அவன் உண்மையைத்தான் சொல்கிறான், அந்த உண்மைதான் பயப்பட வேண்டியது.

இளம் வயதுக்கு இதில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பப் பார்த்தது: வளர்ந்த எலியை விட இளம் எலிக்கு ஆல்கஹால் தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் குறைவாகத்தான் தருகிறது, ஆனால் கற்பதையும் நினைவையும் அதிகமாகக் கெடுக்கிறது. நம் பையன்கள் "எனக்கு ஏறவே இல்ல, நான் ஸ்டெடி" என்று பெருமையாகச் சொல்வார்கள் இல்லையா, அந்த ஸ்டெடிதான் வினை. நாற்பது வயதுக்காரரைத் தூக்கம் வந்து படுக்க வைத்துவிடும், அதுவே ஒரு பிரேக். இருபது வயதில் அந்தப் பிரேக் சரியாகப் பிடிக்காது, விழித்திருந்து இன்னும் ஒரு ரவுண்டு ஊற்றுவான். எலியில் பார்த்ததை அப்படியே மனிதனுக்குத் தூக்கி வைக்க முடியாது, இளம் பிள்ளைகளைக் குடிக்க வைத்துச் சோதனை செய்ய யாருக்கும் அனுமதியும் கிடையாது. ஆனால் எங்கள் அறையில் நாங்கள் பார்ப்பதற்கு அது பொருந்தி வருகிறது.

மூளை முழுதாக வளர்ந்து முடிய ஏறக்குறைய 25 வயது ஆகும். கடைசியில் முதிர்வது நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி, யோசித்துச் செய்வது, ஆசையை அடக்குவது, நாளைக்கு என்ன என்று இன்றைக்கே திட்டம் போடுவது எல்லாம் அங்கேதான். பதின் வயதிலிருந்து அங்கே தேவையில்லாத இணைப்புகள் கழிந்து, தேவையானவற்றுக்கு வயர் மேல் பிளாஸ்டிக் உறை போடுகிற மாதிரி ஒரு உறை ஏறிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் 12 முதல் 21 வயது வரையுள்ள 831 பேரை எடுத்து, வருஷா வருஷம் எம்ஆர்ஐ பார்த்துத் தொடர்ந்த ஒரு ஆய்வில், அதிகமாகக் குடிக்க ஆரம்பித்தவர்களுக்கு முன்பகுதியின் சாம்பல் நிறப் பகுதி மற்றவர்களை விட வேகமாகக் குறைவதையும், உறை உள்ள வெண்பகுதியின் வளர்ச்சி மந்தமாவதையும் கண்டார்கள். இது சராசரிக் கணக்கு. குடித்த ஒருவனின் ஸ்கேனையும் குடிக்காத ஒருவனின் ஸ்கேனையும் கலந்து கொடுத்தால் எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது, வேறுபாடு அவ்வளவு சிறியது. அதனால் தயவுசெய்து தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் ஆயிரக்கணக்கில் செலவழித்து மூளை ஸ்கேன் எடுக்காதீர்கள். தலையில் அடிபட்டிருந்தால், வலிப்பு வந்திருந்தால் டாக்டரே எழுதிக் கொடுப்பார். மற்றபடி ஸ்கேன் நார்மல் என்று வரும், அந்தத் தாளைக் காட்டியே அவன் அடுத்த சனிக்கிழமையும் போவான். இப்படி நடந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்கேனில் தெரியாதது மேஜையில் தெரியும். சில வருஷத்துக்கு முன்னால் திருமங்கலம் பக்கமிருந்து ஒரு பையன் வந்தான், 21 வயது, அம்மா கூட வந்திருந்தார். தம்பி கதைதான், சனிக்கிழமைக் குடி, அரியர், ஞாபகமில்லாத ராத்திரிகள். அவனுக்கு 15 சொற்களை வாசித்துக் காட்டினேன் (என்ன சொற்கள் என்று இங்கே எழுத மாட்டேன், சோதனை கெட்டுவிடும்). ஒரு முறை வாசித்ததும் ஆறு சொன்னான், அது பரவாயில்லை. அதே பட்டியலை ஐந்து முறை வாசிப்போம், அந்த வயதில் ஐந்தாவது முறை 12, 13 சொற்கள் வந்துவிடும். அவனுக்கு ஒன்பதில் நின்றது. பிறகு வேறு வேலை கொடுத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துக் கேட்டேன், நான்குதான் வந்தது. ஐந்தாவது சொல்லுக்காகக் கூரையைப் பார்த்தான், மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டினான், அப்புறம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவன் கடைசியாகக் குடித்து ஆறு நாள் ஆகியிருந்தது, போதை என்று சொல்ல வழியில்லை. மூன்று மாதம் குடிக்காமல் இருந்துவிட்டு வந்தபோது வேறு சொற்பட்டியல் வைத்துப் பார்த்தேன், ஐந்தாவது முறை 13, அரை மணி கழித்து 11. அம்மா அழுதுவிட்டார். ஆனால் எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைக்கும் இன்னொரு சோதனையில் அவன் வேகம் பெரிதாகக் கூடவில்லை. அது குடியால் வந்ததா, முதலிலிருந்தே அவன் அப்படித்தானா என்று சொல்ல என்னிடம் எந்த வழியும் இல்லை, குடிப்பதற்கு முன் அவனை யாரும் சோதித்துப் பார்த்ததில்லையே.

அந்த இடம்தான் இந்தத் துறை முழுவதற்குமே சிக்கலான இடம். குடிக்கிற பிள்ளைகளுக்கு நினைவும் கட்டுப்பாடும் குறைவாக இருப்பது உண்மை. ஆனால் கட்டுப்பாடு குறைந்த பிள்ளைகள்தான் சீக்கிரம் குடிக்கவும் ஆரம்பிக்கிறார்கள். அப்பாவுக்குக் குடிநோய் இருந்து, தான் இன்னும் ஒரு சொட்டுக் கூடத் தொடாத பிள்ளைகளிடமே மூளை அலைகளில் வேறுபாடு இருப்பதைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 1990களில் அமெரிக்காவில் எடுத்த ஒரு பெரிய கணக்கில், 15 வயதுக்கு முன் குடிக்க ஆரம்பித்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானார்கள், 20 வயதுக்கு மேல் ஆரம்பித்தவர்களில் சுமார் 10 சதவீதம் பேர். சீக்கிரம் ஆரம்பித்ததுதான் காரணமா, சீக்கிரம் ஆரம்பிக்க வைத்த குணமும் வீடும் காரணமா என்பதை அந்தக் கணக்கு பிரித்துச் சொல்லாது. முன்னாலேயே வேறுபாடு இருக்கிறது, குடி அதன் மேல் கூடுதலாகச் செய்கிறது, இரண்டும் உண்மை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ குடித்தவர்கள் என்றால் தம்பிக்கு அடிமையாகும் விளிம்பு மற்றவர்களை விடப் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். அதை வைத்து அவனைக் குத்திக் காட்டாதீர்கள், அவனே தெரிந்துகொள்ளட்டும் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

நான்கு அரியரையும் குடியின் கணக்கில் எழுதிவிடவும் வேண்டாம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு இன்ஜினியரிங்கில் ஆங்கிலத்தில் முழிக்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன், அந்தத் திணறலில்தான் சில பேர் குடிக்கே போகிறார்கள். மனச்சோர்வும் இருக்கலாம். இன்னொரு பக்கம் தூக்கம். குடித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் உடனே வரும், ஆனால் பின்னிரவில் துண்டு துண்டாகும், கனவு வரும் தூக்கம் குறையும், படித்தது மனதில் உறைவது தூக்கத்தில்தான். சனிக்கிழமை குடி, ஞாயிறு முழுக்கத் தலைவலி, ஞாயிறு ராத்திரி தூக்கம் பிடிக்காமல் திங்கள்கிழமை இன்டர்னல் என்றால், மூளையில் நிரந்தரமாக எதுவும் ஆகாமலே ஒரு செமஸ்டர் போய்விடும்.

பழைய தம்பி கிடைப்பானா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த வயதில், இந்த அளவில், பெரும்பாலும் கிடைப்பான். நிறுத்தினால் முதல் சில வாரங்களிலேயே தூக்கமும் கவனமும் மேலே வரும், புதிதாகக் கற்று நினைவில் வைப்பது சில மாதங்களில் தேறும், திட்டமிடுவதும் அடக்குவதும் மெதுவாக வரும், எல்லோருக்கும் முழுசாக வருகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: நிறுத்த வேண்டும். வாரம் ஒருமுறை மூளை தேற ஆரம்பிக்கிற நேரத்தில் மறுபடி அடித்தால் தேறுவதற்கு இடமே இல்லை. இதை நான் கெஞ்சித்தான் எழுதுகிறேன்.

அதுவரைக்கும் உயிர் காக்கிற சில விஷயங்கள், தம்பிக்கு இல்லை, அவன் ரூம்மேட்டுகளுக்குச் சொல்லி வையுங்கள். மட்டையானவனை மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது, வாந்தி மூச்சுக்குழலில் போனால் இருமித் துப்ப அவனால் முடியாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து ஒருவர் கூட இருக்க வேண்டும். வயிற்றில் இருப்பது இன்னும் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும், அதனால் தூங்கினால் சரியாகிவிடும் என்று கதவைச் சாத்திவிட்டுப் போகக் கூடாது. தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றால் போலீஸ் வருமோ வார்டன் திட்டுவாரோ என்று பார்க்காமல் 108. பைக்கிலிருந்து விழுந்தவனை "போதையில கிடக்கான்" என்று விட்டுவிடுவது ரொம்பவும் கொடுமையான தவறு, தலைக்குள் ரத்தக்கசிவும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ இதோடு கலந்தால் மூச்சே நின்றுபோகலாம்.

பேசுவது எப்போது என்று கேட்டால், சனிக்கிழமை ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமை காலையும் வேண்டாம். செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாள், அப்பா இல்லாத நேரம், நீங்கள் இருவர் மட்டும். "நீ குடிகாரனாயிட்ட" என்று ஆரம்பித்தால் கதவு சாத்திக்கொள்ளும், அவனுக்குத் தெரிந்த குடிகாரன் தெருவில் கிடக்கிறவர், தான் அப்படி இல்லை என்று உடனே வாதாடுவான். அதற்குப் பதில், "போன சனிக்கிழமை எது வரைக்கும்டா உனக்கு ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள். அவன் சொல்லி முடித்ததும், மீதி ராத்திரியில் என்ன நடந்தது என்று தெரிந்ததைத் திட்டாமல் அப்படியே சொல்லுங்கள். தனக்கே தெரியாத தன் இரண்டு மணி நேரத்தை அக்கா வாயால் கேட்பது பல அறிவுரைகளை விட உள்ளே போகும். அழகர்கோயில் பதினெட்டாம்படி கருப்பு முன்னால் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொள்கிறேன் என்று அவனே சொன்னால் தடுக்காதீர்கள், அதில் மாதக்கணக்கில் நின்றவர்களை எனக்குத் தெரியும், கூடவே சிகிச்சைக்கும் வரட்டும். ஆனால் அவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கச் சொல்லி விற்கும் பவுடர்களை வாங்காதீர்கள். அதில் குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மருந்து இருந்து, அது தெரியாமல் அவன் ஒரு குவார்ட்டர் அடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். குடியை நிறுத்த வைக்கிறோம், வேனில் வந்து தூக்கிக்கொண்டு போகிறோம் என்கிற இடங்களும் வேண்டாம்.

பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. நேரில் போகத் தயங்கினால் முதலில் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் பேசலாம், தமிழில் பேசுவார்கள், அவன் பேசாவிட்டாலும் நீங்கள் பேசலாம். ஒருவேளை அவன் உங்களுக்குத் தெரியாமல் தினமும் குடிப்பவனாக இருந்து, குடிக்காத காலையில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது என்றால் வீட்டில் வைத்து ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், வலிப்பு வரலாம், நேராக டாக்டரிடம் போய்விடுங்கள்.

சோதனைக்கு எங்கே போவதாக இருந்தாலும், குறைந்தது ஒரு வாரம் குடிக்காமல், முந்தின இரண்டு ராத்திரி ஒழுங்காகத் தூங்கிவிட்டு வரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வரும் மதிப்பெண்ணை எங்களால் சரியாகப் படிக்க முடியாது. வரும்போது அவனுடைய பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டை மறக்காமல் எடுத்து வாருங்கள். குடிக்கு முன்னால் அவன் எப்படி இருந்தான் என்று எங்களிடம் சொல்ல வேறு எதுவும் இருக்காது.